பழைய துப்பாக்கிக்கு வீட்லயே ரஸ்ட் ப்ளூயிங்: எங்கெங்க சொதப்புது?

ரஸ்ட் ப்ளூயிங்னா இரும்பு மேல வேணும்னே மெல்லிசா துரு ஏத்தி, கொதிக்கிற தண்ணில போட்டு அந்த செந்துருவ கருப்பு ஆக்சைடா மாத்தி, மேல நிக்கிற தூள தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி முதல்ல இருந்து பண்றது. அஞ்சாறு ரவுண்டு ஆகும், சில இரும்புக்கு பத்து கூட ஆகும், மூணாவதுலயே கருப்பாயிடுச்சேன்னு நிறுத்தினா சீக்கிரமே தேஞ்சு வெளுத்துடும்.

முக்காவாசி வேலை கெட்டுப்போறது எண்ணெயால தான். அசிட்டோன் போட்டு பளிச்சுனு தொடைச்சிட்டு வெறுங்கையால எடுப்பாங்க, விரல் பட்ட இடத்துல துரு ஏறாம திட்டு நிக்கும். கிளவுஸ் போடுறவங்களும் தூள தேய்ச்சு எடுக்கிற ஸ்டீல் வுல்ல (இரும்பு நார்) கோட்ட விட்டுடறாங்க, அது துரு பிடிக்காம இருக்க எண்ணெய் தடவி தான் வருது, அதையும் வயர் பிரஷ்ஷையும் அசிட்டோன்ல அலசி காய வெச்சு தான் தொடணும். பேரல் உள்ள, ஸ்க்ரூ ஓட்டையில ஒளிஞ்சிருக்கிற பழைய எண்ணெய் இன்னும் மோசம், கொதிக்கிறப்போ மேல மிதந்து வந்து பார்ட்டை வெளிய தூக்குறப்போ மொத்தமா ஒட்டிக்கும்.

துரு ஏத்துறதுக்குப் பூசுற ஆசிட் சொல்யூஷன சொட்ட சொட்ட பூசாதீங்க. பஞ்ச நனைச்சு நல்லா பிழிஞ்சிட்டு ஒரே இழுப்பா தடவுங்க, ஈரம் பத்தலையோன்னு தோணுற அளவே போதும், மேல மேல தேய்ச்சா செம்பு கலர்ல கறை விழும். ஈரப்பதம் ஜாஸ்தியா இருக்கிற நாள்ல ராத்திரி முழுக்க விட்டுட்டு தூங்கிடாதீங்க, துரு குழி பறிச்சிடும், அப்புறம் திரும்ப எமரி பேப்பர் தான். பழைய ஃபார்முலா சிலதுல மெர்க்குரி குளோரைடு இருக்கும், தயவு செஞ்சு அத வீட்ல தொடவே தொடாதீங்க, அது விஷம்.

குழாய் தண்ணில உப்பும் குளோரினும் இருக்கு, புள்ளி விழும், அதனால டிஸ்டில்ட் வாட்டர் தான்.

துரு ஏத்துறதுக்கு முன்னாடி போடுற பாலிஷ் எமரி பேப்பர்ல 320, 400 கிரிட் (சொரசொரப்பு அளவு) போதும், கண்ணாடி மாதிரி ஏத்தினா துரு சரியா பிடிக்காது. பஃப்பிங் வீல் பக்கமே போகாதீங்க, ஓரமெல்லாம் உருண்டு, முத்திரையும் சீரியல் நம்பரும் தேஞ்சு போச்சுன்னா திரும்ப வராது, நம்பர் அழிஞ்சா பல நாடுகள்ல சட்டப்படி குத்தம் வேற.

கடைசி ரவுண்டு முடிஞ்சதும் பேக்கிங் சோடா கலந்த தண்ணில கொதிக்க விட்டு, சூடு ஆறுறதுக்குள்ள எண்ணெய நல்லா பூசி ஒரு நாள் விடுங்க. உள்ள மிச்சம் இருக்கிற ஆசிட் அடுத்த நாள் கூட துரு கிளப்பும், மறுநாள் ஒரு வெள்ளைத் துணியால தொடைச்சு பாருங்க, செம்மண் கலர் ஒட்டுச்சுன்னா திரும்ப சோடாத் தண்ணி, திரும்ப எண்ணெய்.