சாக்கடை நீரில் வைரஸைத் தேடுவது எப்படி?

2013-இல் இஸ்ரேலின் ராஹாத் நகரக் கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டது. ஒரு குழந்தைக்கும் கால் முடங்கியிருக்கவில்லை. சாக்கடை சொன்னதை நம்பிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அந்தப் பரவலில் யாருக்கும் முடக்குவாதம் வரவில்லை. போலியோ தொற்றுகிறவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் முடங்கும். அந்த ஒருவர் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் ஊரே வைரஸைச் சுமந்துகொண்டிருக்கும். இந்த முறையை நிறையப் பேர் கற்க வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான். கொரோனாவுக்கும் வழி இதுவே.

முதலில் இடம். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் கழிவுநீர் நுழையும் இடத்தில் மாதிரி எடுங்கள். குளோரின் கலந்தபின் பயனில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில், பல தெருக்களின் நீர் சேரும் கால்வாய். வாரந்தோறும் அதே இடம்.

அடுத்து மாதிரி. வீடுகளில் கழிப்பறைப் பயன்பாடு மிகுந்த காலை நேரத்தில் ஒரு லிட்டர் போதும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். இடம், தேதி, நேரம் மூன்றையும் பாட்டிலில் முன்பே எழுதிவிடுங்கள். நனைந்த பாட்டிலில் மை நிற்காது. ஐஸ் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேருங்கள். அங்கே வைரஸைச் செறிவாக்கி, அதன் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். சோதனையில் அளப்பார்கள்.

புதியவர்கள் சறுக்குவது அளவைப் படிக்கும்போதுதான். மழை பெய்தால் வைரஸ் அளவு சரியும். நோய் குறையவில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது. இதைச் சரிசெய்ய மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ் கைகொடுக்கிறது. நாம் சாப்பிடும் மிளகாயோடு உள்ளே போய், மலத்தோடு ஏராளமாக வெளியேறும் வைரஸ் அது. அதை அளந்தால் பாட்டிலில் மனிதக் கழிவு எவ்வளவு என்று பிடிபடும். கொரோனா அளவை அந்த அளவால் வகுத்துவிட்டு, பிறகு வாரங்களை ஒப்பிடுங்கள். எனக்கு இந்த முறையிலேயே மிகப் பிடித்த இடம் இது.

கடைசியாகத் திரிபு, அதாவது மரபணு மாறிய வைரஸ் வகை. மரபணு வரிசையைப் படித்தால், பலருடைய வைரஸ் துண்டுகள் கலந்தே வரும். ஒற்றை மாற்றத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்; டெல்டாவுக்கும் ஒமைக்ரானுக்கும் பொதுவான மாற்றங்கள் உண்டு. ஒரு திரிபுக்கே உரிய பல மாற்றங்கள் சேர்ந்து, வாரத்துக்கு வாரம் ஏறினால், உடனே சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். அனுப்பும் வரைபடத்தில் மழை பெய்த நாள்களையும் குறித்துவிடுங்கள்.