முதல் பச்சோந்தியைத் தேர்ந்தெடுக்கும் முன்

பச்சோந்தி வாங்க விரும்புபவர் முதலில் பார்ப்பது அதன் நிறத்தை, ஏமாறுவதும் அங்கேதான். உடல் வெப்பம், அச்சம், சினம், சினைப்பருவம் என ஒவ்வொன்றுக்கும் ஏற்ப நிறம் மாறும் விலங்கு அது. அடுத்த கூண்டில் இருக்கும் எதிரியைக் கண்டு மிரண்டு நிற்கையில்தான் அது மிகப் பளிச்சென்று தெரியக்கூடும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எங்கே பிறந்தது என்பதே.

காட்டில் பிடிக்கப்பட்டவை ஒட்டுண்ணிகளோடும், நீரின்றிப் பயணம் செய்த களைப்போடும் வந்து சேர்கின்றன. அவற்றைத் தேற்றுவது அனுபவசாலிகளுக்கே கடினம். வளர்ப்பிடத்தில் பொரித்து, குறைந்தது மூன்று மாதம் வளர்ந்த குட்டியையே தேடுங்கள். வணிகத்தில் கிடைக்கும் பச்சோந்திகளில் பெரும்பாலானவை, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பின்னிணைப்பில் இருப்பதால், எல்லை தாண்டி வந்தவற்றுக்கு ஆவணம் இருந்தாக வேண்டும். நீங்கள் வாழும் இடத்தின் சட்டம் அதை வளர்க்க இடம் தருகிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனங்களில் மூன்று பெயர்களே அடிக்கடி காதில் விழும். தலையில் உயர்ந்த முகடு கொண்ட ஏமன் பச்சோந்தி உடலுரம் மிக்கது, தொடக்கக்காரரின் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்வது, ஆனால் முன்கோபி. மடகாஸ்கரைச் சேர்ந்த பாந்தர் பச்சோந்தி சற்றுச் சாந்தமானது. அதன் ஆணுக்குப் பிறப்பிடத்தைப் பொறுத்து நிறம் அமையும், ஆயினும் குட்டியில் மங்கலாகவே இருக்கும் என்பதால், தாய் தந்தையின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. மூன்று கொம்புள்ள ஆண்களால் பெயர்பெற்ற ஜாக்சன் பச்சோந்தி கென்யா, தான்சானியா மலைகளுக்கு உரியது; இரவில் நல்ல குளிர்ச்சியைத் தர இயலாதவர் அதை விட்டுவிடலாம். முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது ஏமன் அல்லது பாந்தர், அதிலும் ஆண்.

ஆண் என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. ஏமன் பச்சோந்தியின் பெண், ஆணைக் கண்ணால் பார்க்காமலே கருவுறாத முட்டைகளை இடும்; ஒரே ஈட்டில் 50ஐத் தாண்டுவதும் உண்டு. குழி தோண்ட ஈரமணல் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி அதன் உயிரைப் பறித்துவிடக்கூடும், நன்றாகப் பராமரித்தாலும் ஒவ்வொரு ஈடும் அதன் உடலை உருக்குகிறது. ஆணா பெண்ணா என்று அறிவதும் எளிது: ஏமன் ஆணின் பின்னங்காலில் குதிகால் போன்ற சிறு முள் பொரித்த நாளிலிருந்தே இருக்கும்.

இனி, கண்முன் இருக்கும் விலங்கைச் சோதியுங்கள். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பச்சோந்தி உறங்கவில்லை, நோயுற்றிருக்கிறது. கண் குழிந்திருந்தால் உடலில் நீர் குறைந்திருக்கலாம். கிளையில் நடக்கும்போது வயிறு மேலெழும்பி, கால்கள் நேராக நின்று, பிடி இறுக்கமாக இருக்க வேண்டும். முன்னங்கால் வில்லாக வளைந்திருந்தால் அது கால்சியமும் புற ஊதா ஒளியும் போதாமல் எலும்பு மென்மையானதன் அடையாளம், அதன்மேல் இரக்கப்பட்டும் வாங்காதீர்கள். எச்சத்தின் வெண்பகுதி ஆரஞ்சு நிறமாக மாறியிருந்தால் அது தாகத்தில் தவிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் முன்னிலையில் ஒரு பூச்சியைத் தரச் சொல்லுங்கள். நாக்கு நீண்டு பாய்ந்து குறி தவறாமல் பிடித்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பல பச்சோந்திகளை ஒரே கூண்டில் அடைத்து விற்பவரிடம் இவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. அவை தனித்து வாழ்பவை.

பச்சோந்தியை வாங்குவதற்கு முன்பே கூண்டு தயாராக இருக்கட்டும். வளர்ந்த ஆணுக்கு 60 செ.மீ. அகலமும் 60 செ.மீ. ஆழமும் 120 செ.மீ. உயரமும் கொண்ட வலைக்கூண்டு, புற ஊதா ஒளி தரும் யு.வி.பி. குழல்விளக்கு, குளிர்காயும் கிளையில் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ், இலைகளில் துளித்துளியாக விழும் நீர் ஆகியவை வேண்டும். கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பெரும்பாலும் அது நீரென்றே அறியாது. இவற்றை ஒரு வாரம் ஓடவிட்டு வெப்பத்தை அளந்து பார்த்த பிறகே பச்சோந்தியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வந்த முதல் சில நாட்கள் கையில் எடுக்காமல், உணவும் நீரும் தந்து, தொலைவிலிருந்து கவனித்தால் போதும்.