பிரிட்டனில் விசா மறுக்கப்பட்டால்

முதலில் மறுப்புக் கடிதத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். மேல்முறையீட்டு உரிமை உண்டா என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். புகலிடம், குடும்ப விசாவுக்கு வழக்கமாக உண்டு. சுற்றுலா விசாவுக்குப் பொதுவாக இல்லை. மேல்முறையீடு செய்ய, நாட்டுக்குள் இருப்பவருக்குக் கடிதம் அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாள். வெளியே இருப்பவருக்குக் கையில் கிடைத்ததிலிருந்து 28 நாள்.

சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) கடிதம், விண்ணப்பம், நேர்காணல் பதிவு மூன்றையும் கொடுங்கள். வருமானம் குறைவென்றால் புகலிட வழக்குக்கு அரசின் சட்ட உதவி கேட்கலாம். குடிவரவு ஆலோசகராகப் பதிவில்லாத ‘தெரிந்தவர்’ பணம் வாங்கி ஆலோசனை சொல்வது அங்கே குற்றம்.

மறுப்புக் காரணம் ஒவ்வொன்றுக்கும் தனியே பதிலும் ஆதாரமும் வேண்டும். வழக்கு சறுக்குவது பெரும்பாலும் தேதிகளில்தான்: நேர்காணலில் ஒன்று, வாக்குமூலத்தில் வேறொன்று. முரண்பாட்டை மறைக்காமல் வாக்குமூலத்திலேயே விளக்கிவிடுங்கள். தமிழ் ஆவணங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள்.