கப்ராஸ் போறீங்களா? முதல்ல அந்த பாட்டிலை கீழ வைங்க

இத்தாலியோட சார்டினியா தீவுல, மேற்குக் கரையில இருக்கு கப்ராஸ். 9,000 பேர் மாதிரி இருக்கற மீன்பிடி ஊர், பின்னாடி பெரிய காயல், முன்னாடி சினிஸ் தீபகற்பம். வருஷா வருஷம் சின்ன குரூப்பா ஆளுங்கள கூட்டிட்டு போறேன், புதுசா வர்றவங்க எல்லாம் நான் முதல் தடவை பண்ண அதே கூத்தைத்தான் பண்றாங்க. சன்ஸ்க்ரீன் எடுத்துக்கோங்க, தண்ணி எடுத்துக்கோங்கங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

இஸ் அருத்தாஸ் மணலை அள்றது

இத நினைச்சாலே எனக்கு இன்னும் எரியுது.

இஸ் அருத்தாஸ் பீச்சுல இருக்கறது சாதா மணல் இல்ல, குவார்ட்ஸ். பச்சரிசி குருணை மாதிரி வெள்ளை, ரோஸ், லேசா பச்சைன்னு உருண்டு உருண்டு கிடக்கும், கால்லயும் ஒட்டாது. பார்த்ததும் கை தானா போகும், என் கையும் போச்சு, காலி ஷாம்பூ பாட்டில்ல ரெண்டு பிடி போட்டு சட்டைக்குள்ள சுத்தி பெட்டியில வெச்சேன், அப்ப அது தப்புன்னே தோணல. வீட்டுக்கு வந்து கண்ணாடி கிண்ணத்துல கொட்டினா, தண்ணி படாம அது வெறும் ஜல்லித் தூள் மாதிரி மங்கிப் போய் கிடக்குது. இதுக்கா இவ்வளவுன்னு ஆயிடுச்சு.

நான் மாட்டல, அது அதிர்ஷ்டம். 2017-ல அந்த தீவு அரசாங்கம் சட்டமே போட்டுச்சு: மணல், கூழாங்கல், சிப்பி எது எடுத்தாலும் 500-லேர்ந்து 3,000 யூரோ வரைக்கும் அபராதம். ஏர்போர்ட் ஸ்கேன்ல பெட்டியைத் திறக்க வெச்சுடுவாங்க. இத பஸ்ஸுலயே சொல்லித்தான் கூட்டிட்டு போறேன், ஆனாலும் "ஒரு கைப்பிடி தானே சார்"னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பார். எதிர்ல இருக்கற மால் தி வெந்த்ரே தீவோட கிரானைட் பாறை ஆயிரக்கணக்கான வருஷமா அரிச்சு அரிச்சு வந்தது அது, அள்ளின வேகத்துக்கு திரும்பி வராது. அதனால கிளம்பறதுக்கு முன்னாடி செருப்பு, துண்டு, குழந்தைங்க டவுசர் பாக்கெட் எல்லாத்தையும் அங்கயே உதறிடுங்க, பாக்கெட்டைக் கண்டிப்பா பாருங்க.

அந்த ஊர்ப் பக்கம் ஒரு பழமொழி கூட உண்டு, தாரோஸ்லேர்ந்து கல்லை வண்டி வண்டியா ஏத்திட்டு போறாங்கன்னு. பினீசியர் காலத்து நகரம் அது, அப்புறம் ரோமானியர் கையில இருந்துச்சு, 1070 வாக்குல ஜனங்க காலி பண்ணிட்டு பக்கத்துல இருக்கற ஒரிஸ்தானோ ஊருக்குப் போனப்ப கல்லையும் கொண்டுபோய் அங்க கட்டிக்கிட்டாங்க. இப்ப போட்டோவுல எல்லாரும் எடுக்கற அந்த ரெண்டு தூணும் கூட நவீன காலத்துல தூக்கி நிறுத்தினதுதான்.

தாரோஸுக்கு மத்தியானம் போறது

நிழலே கிடையாது.

ராட்சசங்க எல்லாம் ஒரே இடத்துல இருப்பாங்கன்னு நினைக்கறது

ராட்சசங்கன்னு சொல்றது பழங்காலத்து கல்சிலைங்களை. 1974-ல கப்ராஸ் பக்கத்துல மோன்ட்டே பிராமாங்கற இடத்துல நிலம் உழுதப்ப கல்தலை ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. தோண்டத் தோண்ட 5,000-க்கு மேல துண்டுங்க. அத ஒட்டவெச்சு எடுத்ததுதான் வில்லாளி, குத்துச்சண்டைக்காரன், போர்வீரன்னு ரெண்டு மீட்டர் உயர சிலைங்க, கண்ணு ரெண்டும் வட்டத்துக்குள்ள வட்டம், ராத்திரி கனவுல வரும். கொஞ்சம் கப்ராஸ் மியூசியத்துல, மீதி சார்டினியாவோட தலைநகரம் கால்யாரியில. ரெண்டுக்கும் நாள் ஒதுக்குங்க.

சான் சால்வத்தோரே காலியா இருக்குன்னு புலம்பறது

கப்ராஸ் பக்கத்து குட்டி கிராமம் இது, வருஷம் பூரா காலியாத்தான் இருக்கும். திருவிழாவுக்கு மட்டும் வந்து தங்கற குட்டி குட்டி வீடுங்க அது, அந்த வெறிச்சுன்னு இருக்கற தெருவைப் பார்த்துட்டுதான் 60-கள்ல அங்க கௌபாய் படமே எடுத்தாங்க. கூட்டம் வேணும்னா செப்டம்பர் முதல் சனி, ஞாயிறு போங்க. வெள்ளை அங்கி போட்ட ஆம்பளைங்க நூத்துக்கணக்குல, வெறுங்கால்ல, சாமி சிலையைத் தூக்கிட்டு மண்ரோட்டுல ஓடுவாங்க.

பொத்தார்காவை அடுப்புல வைக்கறது

மடவை மீன் சினையை உப்பு போட்டு அழுத்திக் காயவெச்சது. கருவாடு ஞாபகத்துல எண்ணெயில போட்டுடாதீங்க, கசந்துடும். பாஸ்தாவை இறக்கினப்புறம் மேல துருவுங்க.

கார் இல்லாம போறது

ஒரிஸ்தானோ வரைக்கும் ரயில் வரும். அதுக்கப்புறம் உங்க பாடு.

மால் தி வெந்த்ரே பேரைப் பார்த்து சிரிக்கறது

இத்தாலியன்ல அதுக்கு வயித்துவலின்னு அர்த்தம், குரூப்ல எவனாவது ஒருத்தன் ஜோக் அடிப்பான். உண்மையில சார்டினிய மொழியில மாலு எந்து, அதாவது கெட்ட காத்து, மேப் போட்டவங்க கேட்டது தப்பு. காத்து சமாச்சாரம் ஜோக் இல்ல, மேஸ்த்ரால்ங்கற வடமேற்குக் காத்து அடிச்சா அன்னைக்கு அந்தத் தீவுக்கு போட் கிடையாது. ரத்தாச்சுன்னா காசு திரும்ப வருமான்னு டிக்கெட் வாங்கறப்பவே கேட்டுக்கோங்க.