குரலை வைத்துப் பறவையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இலைகளுக்குள் ஒளிந்திருக்கும் பறவையைத் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்பவர்களுக்காக இது.

1. முதலில் தினமும் காதில் விழும் ஐந்து குரல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காகம், மைனா, குயில், செம்போத்து, அப்புறம் அணில். அணில் எதற்கு என்றால், ஏதோ குருவி கத்துகிறது என்று புதிதாகத் தொடங்கும் பலரும் ஏமாறுவது அதனிடம்தான். இந்த ஐந்தும் பழகிவிட்டால், ஆறாவது குரல் தானாகவே தனித்துத் தெரியும்.

2. தாளத்தைக் கவனியுங்கள். குரல் இனிமையா, கரகரப்பா என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். தாளத்தில் அந்தக் குழப்பம் குறைவு. செம்மார்புக் குக்குறுவான் சுத்தியல் தட்டுவதுபோல் 'டுக்... டுக்... டுக்' என்று ஒரே சீராக, விடாமல் கூவும். அலகை மூடியபடியே கூவும். கூடவே தலையை அங்குமிங்கும் திருப்புவதால், சத்தம் எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. ஆண் குயிலின் கூவல் ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏறி, உச்சத்தில் சட்டென்று நின்றுவிடும். பெண் குயிலோ 'கிக்-கிக்-கிக்' என்று படபடவெனக் கத்தும். அதுவும் குயில்தான் என்றால் பலர் நம்பமாட்டார்கள். செம்போத்தின் 'ஊப்-ஊப்-ஊப்' கேட்டால் குரங்கோ என்று சந்தேகம் வரும்.

3. கேட்டவுடன் குறித்துக்கொள்ளுங்கள். குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஒரு கோடு வரைந்தாலே போதும். பக்கத்தில் நேரம், இடம்.

4. இப்போது செயலியைத் திறக்கலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் இலவசம். சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஆனால் நீங்கள் ஊகித்த பிறகே அதைப் பாருங்கள், இல்லையென்றால் காது பழகாது. அது பறவைகளுக்கானது, அணிலையோ தவளையையோ அதனிடம் கேட்காதீர்கள். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளைப் போலக் கத்திக் காட்டும், அதனால் முடிந்தால் கண்ணாலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. அடுத்து, எச்சரிக்கைக் குரல். அணில் வாலை உதறிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று கத்தினால், கீழே பூனை இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த வெளியில் ஆள்காட்டிப் பறவை கூச்சல் போட்டால், அது உங்களைப் பார்த்தே இருக்கலாம். பக்கத்தில் தரையில் முட்டை இருக்கக்கூடும், சற்று விலகி நடங்கள்.

ஒப்பிட்டுக் கேட்க, 2005 முதல் இயங்கும் செனோ-கான்டோ தளத்தில் உலகெங்குமிருந்து வந்த பதிவுகள் கிடைக்கும். அவற்றை வெளியே சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம், முக்கியமாகக் கூடு கட்டும் பருவத்தில். தன் எல்லைக்குள் போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று கூட்டை விட்டுவிட்டு ஓடிவரும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.