டிரைவர் இருந்தும் ஏறாத கிராபிக்ஸ் கார்டு: என் அனுபவம்

கார்டுக்கான டிரைவரை இன்ஸ்டால் செய்து, லினக்ஸ் வகை ஓஎஸ்ஸான உபுண்டுவை ரீஸ்டார்ட் செய்தால், திரை 1024×768-ஐத் தாண்ட மறுத்தது. விண்டோவை இழுத்தால் திக்கித் திணறி வந்தது. செட்டிங்ஸில் ‘அபௌட்’ பக்கத்தில் கிராபிக்ஸுக்கு நேரே ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தது. கார்டு சும்மா கிடக்க, வரையும் வேலை முழுக்க சிபியு தலையில் விழுந்திருக்கிறது என்று பொருள்.

டிரைவரை அழித்துவிட்டு வேறு வெர்ஷன் போடச் சொல்பவர்கள்தான் அதிகம். அதற்கு முன் டெர்மினலில் ‘மோட்ப்ரோப்’ கட்டளை கொடுத்து டிரைவரின் மாட்யூலை, அதாவது ஓஎஸ்ஸின் மையமான கெர்னலில் சேரும் பகுதியை, கையாலேயே ஏற்றிப் பார்ப்பது நல்லது. எனக்கு வந்த பதில்: ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’. விஷயம் புரிந்துவிட்டது. நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால், பதிவான கீயால் (டிஜிட்டல் சாவியால்) கையொப்பமிடாத மாட்யூலை கெர்னல் வாசலிலேயே நிறுத்திவிடும். நம் கணினியில், கெர்னலுக்கு ஏற்ப மாட்யூலைத் தயாரிக்கும் கருவியான டிகேஎம்எஸ் உருவாக்கிய மாட்யூலுக்குக் கையொப்பம் இருந்தது; அந்தக் கீதான் பதிவாகவில்லை.

‘மோக்யூட்டில்’ கட்டளையில் இம்போர்ட் கொடுத்து, ‘ஷிம்-சைன்ட்’ ஃபோல்டரில் இருந்த கீயைச் சேர்த்தேன். ஒருமுறை மட்டும் பயன்படும் பாஸ்வேர்டு ஒன்றை நம்மையே வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை வரும். அங்கே 10 விநாடிக்குள் கீபோர்டில் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டவேண்டும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காததுபோல் பூட் ஆகிவிடும். ‘என்ரோல் மோக்’ (கீயைப் பதிவு செய்), ‘கன்டின்யூ’, ‘யெஸ்’, பிறகு அதே பாஸ்வேர்டு.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம்தான். பூட்டு திறக்கவில்லை என்று கதவைக் கழற்றுகிற வேலை அது.

இப்போது ‘அபௌட்’ பக்கத்தில் கார்டின் பெயர் வருகிறது. கெர்னல் அப்டேட்டானாலும் டிகேஎம்எஸ் அதே கீயால் கையொப்பமிட்டுக்கொள்கிறது.