நிணநீர்க் கட்டிக்கு மரபணு டெஸ்ட்: எதில் எடுப்பது, எப்படிப் படிப்பது

குழந்தையின் கழுத்திலோ அக்குளிலோ உள்ள நிணநீர்க் கட்டிக்கு (நிணநீர்க் குழாய்கள் கருவிலேயே தவறாக உருவாகி வரும் வீக்கம்; நெறி கட்டுவது அல்ல) மரபணு டெஸ்ட் எழுதிக் கொடுத்தால், முதலில் கேளுங்கள்: "எதில் டெஸ்ட் செய்யப் போகிறீர்கள்?" நான் மரபணு ஆலோசகர். ரத்தத்தை மட்டும் கொடுத்துவிட்டு, "மாற்றம் எதுவும் இல்லை" என்ற ரிப்போர்ட்டோடு குழம்பிப்போய் வரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன்.

இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பிஐகே3சிஏ என்ற மரபணுவில் வரும் மாற்றம். கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அது நேர்கிறது. அந்தச் செல்லின் வழிவந்தவற்றில் மட்டுமே இருக்கும். ரத்தத்தில் பெரும்பாலும் தென்படாது. கட்டியிலேயே கூட, நிணநீர்க் குழாயின் உள்சுவர்ச் செல்களில்தான் அது முக்கியமாக இருக்கிறது.

ஆகவே கட்டியின் திசு வேண்டும். ஆபரேஷன் முடிவானால், ஒரு துண்டை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடாமல் உறையவைத்துத் தர முடியுமா என்று சர்ஜனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முன்பே ஆபரேஷன் ஆகியிருந்தால் பயாப்சி பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசு) கேட்டு வாங்குங்கள். கட்டியைச் சுருக்க ஊசி மருந்து போடும்முன் அதிலிருந்து நீரை உறிஞ்சுவார்களே, அதையும் கொட்டிவிட வேண்டாம். அதில் மிதக்கும் டிஎன்ஏவிலேயே மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் அதைச் செய்யும் லேப் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

லேபில் "டீப் சீக்வென்சிங்தானே?" என்று உறுதி செய்யுங்கள். அதாவது, ஒரே இடத்தைப் பல முறை திரும்பத் திரும்பப் படிக்கும் முறை. மாற்றம் பல நேரம் 10 சதவீதத்துக்கும் குறைவான டிஎன்ஏ பிரதிகளில்தான் இருக்கும். சாதாரண முறை அதைத் தவறவிட்டுவிடும்.

சரி, ரிப்போர்ட் வந்துவிட்டது. பிஐகே3சிஏவில் இ542கே, இ545கே, எச்1047ஆர் என்ற மாற்றங்கள்தான் அடிக்கடி வருபவை. சிரோலிமஸ், அல்பெலிசிப் என்ற மருந்துகள் பற்றி டாக்டரிடம் பேச இது வழி திறக்கும். இந்த மரபணுவால் உடல் பாகம் மிகையாக வளரும் நோய்கள் கடுமையாக இருக்கும்போது, 2 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அல்பெலிசிப் கொடுக்க அமெரிக்காவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. நுரையீரல், எலும்பு என்று பரவும் கடுமையான வகைகளில் கதை வேறு. அவற்றில் ஒன்றான கபோசிஃபார்ம் லிம்பாஞ்சியோமாட்டோசிஸில் என்ஆர்ஏஎஸ், மார்பின் மைய நிணநீர்க் குழாய்க் கோளாறில் ஏஆர்ஏஎஃப் போன்ற வேறு மரபணுக்களில் மாற்றம் வரும். ஏஆர்ஏஎஃப் மாற்றமிருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் டிராமெட்டினிப் மருந்தில் நன்கு தேறியது 2019-ல் பதிவானது. பார்வைக்கு ஒரே மாதிரி வீக்கம்தான், மருந்து வேறு. நான் டெஸ்ட்டை வலியுறுத்துவது இதற்காகத்தான். பெரிய நீர்ப்பைகள் கொண்ட, ஊசியிலேயே சுருங்கக்கூடிய கட்டிக்கு, ரிப்போர்ட்டுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பிறந்ததிலிருந்து இரண்டு பாதமும் வீங்கியிருந்தால் மட்டும் ரத்தமே சரி. அது மில்ராய் நோயாக இருக்கலாம்; எஃப்எல்டி4 மரபணு வழியாகக் குடும்பத்தில் இறங்குவது.

பிஐகே3சிஏ கட்டி அப்படியல்ல. அடுத்த குழந்தைக்கு வரும் ஆபத்து, மற்ற எந்தக் குடும்பத்துக்கும் உள்ள அளவுதான். கிரகணத்தில் வெளியே வந்தது, பப்பாளி சாப்பிட்டது, அம்மா வீட்டு ரத்தம் என்று எதுவும் காரணமில்லை. ரிப்போர்ட் வாங்கப் போகும்போது மாமியாரையும் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இதை டாக்டர் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும்.